பென்டன்வில்: ஒரு மாதிரிச் சிறையும் அதன் நகல்களும்

1842 டிசம்பரில் லண்டனின் வடபகுதியில் பென்டன்வில் சிறை திறக்கப்பட்டது. ‘மாதிரிச் சிறை’ என்றே அதைப் பரவலாக அழைத்தார்கள். அடுத்த ஆறு ஆண்டுகளில் பிரிட்டனில் 54 சிறைகள் அதைப் பார்த்து எழும்பின, அவற்றில் ஒற்றை ஆள் கொட்டடிகள் மட்டும் 11,000 என்பது அப்போதே சொல்லப்பட்ட கணக்கு. கைதியைத் தனியே அடைத்து மனம் மாற்றுவது என்ற கொள்கைக்காகக் கட்டிய சிறை அது. ஆனால் அந்தக் கொள்கையும் அதே ஆறு ஆண்டுகளுக்குள்தான் ஆட்டம் கண்டது. உள்ளே ஒருவர் இருக்க வேண்டிய காலம் குறைக்கப்பட்டது, கைதிகளுக்குச் சித்தம் கலங்குகிறது என்ற புகார் கிளம்பியது, திட்டத்தின் இரண்டு தூண்களாக இருந்த அதிகாரிகள் இருவருமே 1847-ல் இறந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் கட்டடம் நிற்காமல் நகலாகிக்கொண்டே போனது. ஏன் என்பதுதான் இங்கே கேள்வி.

என் பதில் இது: பரவியது சீர்திருத்தக் கொள்கை அல்ல, ஒரு பொறியாளரின் வரைபடம். கைதியின் மனதை மாற்றுவோம் என்ற வாக்குறுதியை இன்னொரு ஊருக்கு அனுப்பிவைக்க முடியாது. சுவரின் கனம், காற்றுக் குழாயின் அளவு, கதவில் ஓட்டை எங்கே இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அனுப்பலாம்.

அட்லாண்டிக் கடந்து வந்த யோசனை

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிவரை இங்கிலாந்தில் பெரும்பாலான சிறைகள் பொது அறைகள்தாம். கடனை அடைக்க முடியாதவர், திருடர், விசாரணைக் கைதி, சிறுவர் எல்லோரும் ஒரே கூடத்தில் கிடந்தார்கள். காசு உள்ளவருக்குச் சாராயமும் கட்டிலும் கிடைக்கும்; இல்லாதவருக்குக் காய்ச்சல் கிடைக்கும். ஜான் ஹோவர்ட் 1777-ல் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கைக்குப் பிறகு, சிறைக்குள் போகிறவன் போனதைவிடக் கெட்டவனாகத்தான் வெளியே வருகிறான் என்ற பேச்சு வலுத்தது. குற்றமும் ஒரு தொற்று, அதைத் தடுக்க ஆளை ஆளிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று சீர்திருத்தக்காரர்கள் முடிவுகட்டினார்கள்.

எப்படிப் பிரிப்பது என்பதில் அமெரிக்காவில் இரண்டு கட்சிகள் இருந்தன. நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறையில் பகலில் எல்லோரும் ஒன்றாக வேலை செய்யலாம், ஆனால் வாய் திறந்தால் சவுக்கடி. ஃபிலடெல்ஃபியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையில் இரவும் பகலும் தனித்தனிக் கொட்டடி. வேலை, சாப்பாடு, தூக்கம், பைபிள் வாசிப்பு எல்லாம் அதற்குள்ளேயே. ஜான் ஹாவிலண்ட் வடிவமைத்த இந்தச் சிறை 1829-ல் திறந்தது. முதல் கைதி சார்லஸ் வில்லியம்ஸ் என்ற 18 வயது விவசாயி. 20 டாலர் கடிகாரமும் இன்னும் சில சில்லறைப் பொருள்களும் திருடியதற்காக இரண்டு ஆண்டுத் தண்டனை. மையத்திலிருந்து மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி ஏழு பிரிவுகள். ஐரோப்பிய அரசுகள் அடுத்தடுத்து ஆளனுப்பிப் பார்த்தன. பிரான்சிலிருந்து தொக்வில்லும் போமோனும் 1831-ல் போனார்கள். பிரிட்டன் 1833-ல் வில்லியம் கிராஃபோர்டை அனுப்பியது.

கிராஃபோர்ட் திரும்பி வரும்போது முழுக்க முழுக்க ஃபிலடெல்ஃபியா கட்சிக்காரராகிவிட்டிருந்தார். 1835-ல் சிறை ஆய்வாளர் பதவி உருவானதும் அவரும், மில்பேங்க் சிறையில் பாதிரியாராக இருந்த விட்வொர்த் ரஸ்ஸலும் லண்டன் வட்டாரத்துக்கு ஆய்வாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். ஆண்டறிக்கை ஒவ்வொன்றிலும் ஒரே பல்லவிதான்: தனிமை, தனிமை, தனிமை. அப்புறம் கட்டடம் கட்டத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். ராணுவப் பொறியாளர் படையிலிருந்து கேப்டன் ஜோஷுவா ஜெப் வந்து சேர்ந்தார்.

மில்பேங்க் தந்த பாடம்

ஜெப்புக்கு முன்னால் பிரிட்டிஷ் அரசு ஒரு பெரிய சிறையைக் கட்டிக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. தேம்ஸ் கரைச் சதுப்பில் 1816-ல் திறந்த மில்பேங்க். அந்த இடம் முதலில் தத்துவவாதி ஜெரமி பெந்தாமின் ‘எல்லாம் பார்க்கும் சிறை’க்காக வாங்கப்பட்டது. நடுவில் ஒரு காவலர், சுற்றி வட்டமாகக் கொட்டடிகள் என்ற அந்த யோசனை லண்டனில் நிறைவேறவில்லை. அதற்குப் பதிலாக ஒரு அறுகோணத்தைச் சுற்றி ஆறு ஐங்கோணங்கள் எழும்பின. சுமார் 5 லட்சம் பவுண்டை அது விழுங்கியது. உள்ளே நடைவழிகள் திரும்பித் திரும்பிப் போகும். பல வருடம் வேலை பார்த்த ஒரு வார்டரே வழி தவறாமலிருக்கச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறி போட்டுக்கொண்டு போனார் என்ற கதை அந்தக் காலத்திலேயே அச்சேறியிருக்கிறது. 1823-ல் தொற்றுநோய் வந்து சிறையையே காலிசெய்ய வேண்டியதாயிற்று. சிறையை இடித்துவிட்டு அந்த இடத்தில் எழுப்பியதுதான் இன்றைய டேட் ஓவியக்கூடம்.

மில்பேங்கில் ஜெப் குழுவினருக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒன்று உண்டு. அங்கே சோதனைக் கொட்டடிகள் கட்டி, ஒரு சுவரைத் தாண்டி அடுத்த அறைக்குக் குரல் போகாமல் தடுப்பது எப்படி என்று பரிசோதித்தார்கள். மின்சார ஆய்வுகளுக்குப் பெயர்போன மைக்கேல் ஃபாரடேயிடம்கூட இதற்கு யோசனை கேட்டார்கள். ஒரு நாட்டின் முதல்தர விஞ்ஞானி, இரண்டு திருடர்கள் பேசிக்கொள்ளாமலிருக்க வழி தேடிக்கொண்டிருந்த காலம் அது. இந்தத் திட்டத்தை அவர்கள் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒரு கொட்டடியின் உள்ளே

1840 ஏப்ரலில் அடிக்கல். இரண்டரை ஆண்டில் வேலை முடிந்தது. செலவு 84,186 பவுண்டு, 12 ஷில்லிங், 2 பென்ஸ். 520 கொட்டடிகள் என்பதால் ஒன்றுக்கு 160 பவுண்டுக்கு மேல் விழுந்தது. வாசல் முகப்பு மட்டும் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்லஸ் பாரியின் கைவண்ணம்.

கொட்டடி 13 அடி நீளம், 7 அடி அகலம், 9 அடி உயரம். வெளிச்சுவரின் மேல்பகுதியில் திறக்க முடியாத சின்னச் சன்னல். ஒரு மேசை, முக்காலி, மூடி போட்ட எரிவாயு விளக்கு, இரண்டு பக்கச் சுவரிலும் கொக்கி மாட்டித் தொங்கவிடும் படுக்கை. மூலையில் தண்ணீர்க் குழாயோடு ஒரு செம்புக் கிண்ணம், பக்கத்திலேயே கழிவறைப் பீங்கான். 1842-ல் லண்டனில் எத்தனை தொழிலாளி வீடுகளில் குழாயும் கழிவறையும் இருந்தன என்று நினைத்துப் பார்த்தால், திருடனுக்கு இவ்வளவு சொகுசா என்று பத்திரிகைகள் கேட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் அது சொகுசுக்காகச் செய்ததல்ல. கழுவவும் ஒதுங்கவும் ஒரு மனிதன் வெளியே வந்தால் இன்னொரு மனிதனைப் பார்த்துவிடுவான். அவன் வெளியே வருவதற்கான காரணம் ஒவ்வொன்றையும் ஜெப் குழாய் போட்டு அடைத்தார்.

காற்றிலும் இதே கணக்குதான். சன்னலைத் திறந்தால் குரல் போகும், ஆகவே சன்னல் திறக்காது. அடித்தளத்தில் வெந்நீர்க் குழாய்களுக்கு மேலே ஓடவிட்டுச் சூடாக்கிய வெளிக்காற்று, சுவருக்குள் ஒளிந்திருக்கும் புழை வழியாக ஏறி, கதவுக்கு மேலே கொட்டடிக்குள் இறங்கும். எதிர்ப்பக்கத்தில், வெளிச்சுவரின் அடியில் இருக்கும் சல்லடை வழியாகக் கெட்ட காற்று வெளியேறி, கூரையில் உள்ள புகைபோக்கியை நோக்கிப் போகும். புகைபோக்கியின் அடியில் நெருப்பு எரிந்துகொண்டிருப்பதால் அது காற்றை மேலே இழுக்கும். ஒரு கொட்டடிக்கு நிமிடத்துக்கு 30 முதல் 45 கன அடி காற்று என்பது ஜெப் தந்த கணக்கு. வீடுகளில் கணப்பைத் தவிர வேறு வழி தெரியாத நாட்டில், 520 அறைகளுக்கு ஒரே அமைப்பிலிருந்து வெப்பமும் காற்றும் போவதைப் பார்க்கவே கட்டடக்காரர்கள் வந்தார்கள். சிறைக்கொள்கையில் அக்கறையே இல்லாதவர்களுக்கும் அங்கே கற்றுக்கொள்ள விஷயம் இருந்தது.

கதவில் மூடி போட்ட ஒரு எட்டிப்பார்க்கும் துளை, சாப்பாடு கொடுக்க ஒரு சிறு திறப்பு. உள்ளே சுவரில் ஒரு கைப்பிடி. அவசரம் என்றால் கைதி அதைத் திருகலாம். வெளியே மணி அடிக்கும். கூடவே அந்தக் கொட்டடியின் எண் பொறித்த தகடு ஒன்று சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். மணி ஓய்ந்தாலும் தகடு நிற்கும், கைதியால் அதை உள்ளிருந்து மடக்க முடியாது. வார்டர் நேரில் வந்துதான் சரிசெய்ய வேண்டும். கூப்பிட்டது யார் என்பதில் சந்தேகம் வராது, வார்டர் போகாமல் இருந்துவிட்டாலும் மறைக்க முடியாது. கைதியைக் கண்காணிக்கும் அதே அமைப்பு வார்டரையும் கண்காணிக்கிறது. எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிவது இந்த ஒரு தகடுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே பார்வைக்கோடு. ஹாவிலண்டின் முதல் பிரிவுகள் ஒரே மாடிதான். ஒவ்வொரு கொட்டடிக்கும் பின்னால் ஒரு குட்டி முற்றம் இருந்தது. ஜெப் முற்றத்தை எடுத்துவிட்டு மூன்று மாடி ஏற்றினார். மாடிகளுக்கு நடுவே தளம் போடாமல், தரையிலிருந்து கூரைவரை திறந்த கூடமாக விட்டு, இரண்டு ஓரத்திலும் இரும்பு நடைமேடைகளை ஒட்டவைத்தார். நான்கு பிரிவுகளும் ஒரே மையக் கூடத்தில் வந்து சேரும். அங்கே நிற்கிற ஒருவர் தலையைத் திருப்பினால் போதும், எல்லாக் கதவுகளும், கதவுகளுக்கு வெளியே நடமாடுகிற எல்லா வார்டர்களும் தெரிவார்கள். பெந்தாம் கொட்டடிக்குள் இருக்கிறவனைப் பார்க்க நினைத்தார். ஜெப் கதவைப் பார்த்தால் போதும் என்று நினைத்தார். கட்டவும் சுலபம், செலவும் குறைவு. இன்று சினிமாவில் வருகிற மேல்நாட்டு ஜெயில் பெரும்பாலும் இந்தக் கூடம்தான்.

முகமூடியும் தேவாலயமும்

இங்கே அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் 18 முதல் 35 வயதுக்குள், உடல்நலம் உள்ள, முதல் தடவை மாட்டிய, தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்ட ஆண்கள். 18 மாதம் தனிமை, அதற்குள் செருப்புத் தைத்தல், நெசவு, தையல், தச்சு என ஒரு தொழில், பாதிரியாரின் போதனை. பிறகு கப்பல், ஆஸ்திரேலியா. உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிரஹாம் திறப்பின்போதே தெளிவாக எழுதிவிட்டார்: குடியேற்ற நாட்டுக்குப் போகிற வாசல் இது, உள்ளே வருகிற ஒவ்வொருவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒழுங்காக இருந்தவனுக்கு அங்கே போனதும் கிட்டத்தட்ட சுதந்திரம். முரண்டு பிடித்தவனுக்கு விலங்கு.

கொட்டடியை விட்டு வெளியே வரும்போது முகத்தை மறைக்கும் துணி முன்மடிப்புள்ள தொப்பி, கண்ணுக்கு மட்டும் இரண்டு துளை. பெயர் கிடையாது, எண்தான். உலாவும் நேரத்துக்கும் தனித்தனி முற்றங்கள். தேவாலயத்தில் ஒவ்வொருவருக்கும் கதவுள்ள மரத்தடுப்பு. உள்ளே நின்றால் பாதிரியாரும், உயரத்தில் உட்கார்ந்திருக்கும் வார்டரும் மட்டுமே தெரிவார்கள்.

இவ்வளவு ஏற்பாட்டையும் கைதிகள் தோற்கடித்தார்கள். பாட்டுப் பாடச் சொன்னால், சங்கீதத்தின் மெட்டிலேயே பக்கத்துத் தடுப்புக்காரனுக்குச் சேதி சொன்னார்கள். மரப்பலகையில் கிறுக்கினார்கள். கொட்டடியில் தண்ணீர்க் குழாயைத் தட்டிப் பேசினார்கள். ஃபாரடேயிடம் யோசனை கேட்டு அடைத்த சத்தம், கழிவறைக் குழாய் வழியாகப் போனது.

பேச முடியாமல் போனவர்களின் நிலை வேறு. முதல் சில ஆண்டுகளிலேயே மனநலம் கெட்டவர்கள் பற்றிய செய்திகள் வெளிவரத் தொடங்கின. சார்லஸ் டிக்கன்ஸ் 1842-ல் ஃபிலடெல்ஃபியா சிறையை நேரில் பார்த்துவிட்டு, உடலை வதைப்பதைவிட இது கொடியது என்று எழுதியிருந்தார். ஆகவே எதிர்ப்பு ஏற்கனவே தயாராக இருந்தது. நிர்வாகம் கொள்கையைக் கைவிடவில்லை, அளவைக் குறைத்தது: 18 மாதம் 12 ஆனது, பிறகு 9. முகமூடியும் தேவாலயத் தடுப்புகளும் பின்னாளில் போயின. ஒன்பது மாதம் சரி, பத்தாவது மாதம் தப்பு என்பதற்கு எந்த அடிப்படையும் கிடையாது. தாங்குகிற அளவைத் தேடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

1847 ஏப்ரலில் கிராஃபோர்ட் பென்டன்வில்லிலேயே, ஒரு கூட்டத்தின் நடுவே சரிந்து இறந்தார். அதே ஆகஸ்டில் ரஸ்ஸல் மில்பேங்கில் துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டார். தனிமைக் கொள்கையை உயிராக நினைத்த இருவரும் போனபின், மிஞ்சியவர் கட்டடம் கட்டியவர். ஜெப்புக்குத் தனிமை ஒரு மதம் அல்ல. 1848-ல் திறந்த போர்ட்லண்ட் சிறையில் அவரே கைதிகளைக் கூட்டமாகக் கல்லுடைக்கவும் துறைமுக வேலைக்கும் அனுப்பினார். முதலில் சில மாதத் தனிமை, அப்புறம் கூட்டு உழைப்பு என்ற படிநிலையில் பென்டன்வில் முதல் படியாகச் சுருங்கியது.

நகலெடுக்க வைத்தது எது

சட்டத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். 1839-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் தனிமைச் சிறையைக் கட்டாயமாக்கவில்லை, அனுமதித்தது. ஆனால் ஒரு கொட்டடியைத் தனிமைக்குப் பயன்படுத்த வேண்டுமானால் அதன் அளவு, வெளிச்சம், வெப்பம், காற்றோட்டம் எல்லாம் ஆய்வாளரின் சான்றிதழ் பெற வேண்டும். கைதி எந்த நேரமும் அலுவலரைக் கூப்பிட வழியிருக்க வேண்டும். மாவட்ட நீதிபதிகள் கையில்தான் உள்ளூர்ச் சிறைகள் இருந்தன. அவர்களுக்குக் காற்றோட்டக் கணக்கு போடத் தெரியாது. சான்றிதழ் தருகிற தரப்பே கட்டிக் காட்டிய ஒரு மாதிரி கண்முன் இருக்கும்போது, வேறு வடிவத்தைக் கொண்டுபோய் அவர்களிடம் வாதாட யாருக்கு ஆசை வரும்? 1844-ல் ஜெப் சிறைகளின் தலைமை அளவையாளர் ஆனார். அதே ஆண்டு பென்டன்வில்லின் கட்டுமானம், காற்றோட்டம், குழாய், பூட்டு எல்லாவற்றையும் படங்களோடு அறிக்கையாக அச்சிட்டார். கொத்தனாரிடம் நேராகக் கொடுக்கலாம் போன்ற வரைபடங்கள் அவை.

ரெடிங் சிறை அந்த 1844-லேயே திறந்தது. வெளியே கோட்டை மாதிரி அலங்காரம், உள்ளே அச்சு அசல் பென்டன்வில் கூடம். லீட்ஸின் ஆர்ம்லி 1847, பர்மிங்காமின் வின்சன் கிரீன் 1849, லண்டனின் வாண்ட்ஸ்வர்த் 1851, டப்ளினின் மவுண்ட்ஜாய் 1850. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு 1895-ல் தண்டிக்கப்பட்டபோது முதலில் பென்டன்வில், பிறகு வாண்ட்ஸ்வர்த், பிறகு ரெடிங் என்று தாயையும் இரண்டு பிள்ளைகளையும் வரிசையாகப் பார்த்தார். ரெடிங்கில் அவர் எண் சி.3.3, சி பிரிவு, மூன்றாம் தளம், மூன்றாம் கொட்டடி. விடுதலையான பிறகு 1898-ல் அவர் சிறைக் கவிதையை வெளியிட்டதும் அந்த எண்ணைப் பெயராகப் போட்டுத்தான்.

ஒரே வரைபடம் ஆளுக்கேற்ப என்னவாக மாறும் என்பதற்கு பர்மிங்காம் போதும். அங்கே லெப்டினன்ட் ஆஸ்டின் என்ற கண்காணிப்பாளர் கொட்டடிக்குள் கைப்பிடி சுழற்றும் இயந்திரத்தை வைத்தார். எந்தப் பொருளையும் உற்பத்தி செய்யாத இயந்திரம். சுழற்றிய தடவைகளை மட்டும் எண்ணும். ஒரு நாளைக்கு 10,000 சுற்று: காலைச் சாப்பாட்டுக்கு முன் 2,000, மதியத்துக்கு முன் 4,000, இரவுக்கு முன் 4,000. முடிக்காவிட்டால் சாப்பாடு கிடையாது. சட்டை போட்டு இறுக்கிச் சுவரோடு கட்டுவது, தலையில் தண்ணீர் ஊற்றுவது வேறு. நான்கு பவுண்டு மாட்டிறைச்சி திருடியதற்காக உள்ளே போன எட்வர்ட் ஆண்ட்ரூஸ் என்ற 15 வயதுப் பையன் 1853 ஏப்ரலில் கொட்டடியில் தூக்கில் தொங்கினான். அரசு விசாரணை நடந்தது, ஆஸ்டினுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. கட்டடம் மீது யாரும் குற்றம் சொல்லவில்லை. சுவர் கனமாக இருந்ததும், வெளியே சத்தம் கேட்காததும் அதன் சிறப்பு என்றுதானே பட்டியலிட்டிருந்தார்கள்.

வெளிநாடுகளில் நகல் இன்னும் விசித்திரமாகப் போனது. 1842-ல் இங்கிலாந்து வந்துபோன பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரெட்ரிக் வில்லியம், பெர்லினுக்கும் ஒன்று வேண்டும் என்று மோவாபிட் பகுதியில் கட்டச் சொன்னார். கட்டடம் முழுதாகச் சிறையாவதற்கு முன்பே, 1847-ல், 254 போலிஷ் கிளர்ச்சிக்காரர்கள் மீதான பெரிய வழக்கு அங்கே நடந்தது. 1849-ல் சிறையாகத் திறந்தபிறகும் தனிமை முறை ஒழுங்காக நடைமுறைக்கு வந்தது 1856-ல்தான். தனிமைக்கென்றே செய்த கட்டடத்தில் ஏழு வருடம் தனிமை இல்லாமல் ஓட்டினார்கள். ஓஸ்லோவில் 1851-ல் ஒன்று வந்தது. டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் கட்டிய தனிமைச் சிறையில் தேவாலயத் தடுப்புகள்வரை அப்படியே இறக்கினார்கள். 1860-களில் அதற்குப் பக்கத்திலேயே மனநோயாளிகளுக்கான விடுதியும் கட்ட வேண்டி வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டிலில் கைதிகளே சுண்ணாம்புக் கல்லை வெட்டிக் கட்டிய சிறையில் ஆரக்கால் அமைப்பு போய், ஒரே நீளக் கட்டடமாயிற்று. திறந்த கூடமும் நடைமேடையும் இருந்தன, கொட்டடி மட்டும் 7 அடிக்கு 4 அடியாகச் சுருங்கிவிட்டது.

எது நகலானது, எது கழன்றது என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. குறைந்த ஆளை வைத்து நிறையப் பேரைப் பூட்டிவைக்க உதவிய மையக் கூடம், நடைமேடை, எட்டிப்பார்க்கும் துளை எல்லாம் போன இடமெல்லாம் கூடவே போயின. கைதிக்கென்று செலவு வைத்தவை முதலில் போயின. கொட்டடிக் கழிவறையைச் சில பத்தாண்டுகளில் பென்டன்வில்லிலேயே பிடுங்கிவிட்டார்கள்: குழாய் அடைக்கிறது, அதைத் தட்டிப் பேசுகிறார்கள் என்று காரணம். பதிலுக்கு வாளி. காலையில் வாளியைத் தூக்கிப் போய்க் கொட்டுகிற வழக்கம் இங்கிலாந்துச் சிறைகளில் 1996 வரை தொடர்ந்தது. 1842-ன் கைதிக்கு இருந்தது, 1990-ன் கைதிக்கு இல்லை.

அந்தமானுக்கு வந்தபோது

1865-ஆம் ஆண்டுச் சட்டம் தனிக்கொட்டடியை உள்ளூர்ச் சிறைகளுக்கும் கட்டாயமாக்கியது. அப்போது சீர்திருத்தப் பேச்சு குறைந்து, கடினப் படுக்கை, கடின உழைப்பு என்ற பேச்சு கூடிவிட்டிருந்தது. 1874-ல் சிறைத்துறைத் தலைவர் எட்மண்ட் டூ கேன் லண்டனில் வார்ம்வுட் ஸ்க்ரப்ஸ் சிறையைத் தொடங்கியபோது ஆரக்கால் வடிவத்தையே விட்டுவிட்டார். நான்கு நீளப் பிளாக்குகள், ஒன்றுக்கொன்று இணையாக. எல்லாப் பக்கமும் வெயிலும் காற்றும் படும். மையக் கூடத்தை ஒட்டிய இருட்டு மூலைகள் இல்லை. ஆக, வரைபடமும் தன் சொந்த ஊரில் முப்பது வருடத்தில் காலாவதி.

1895-ல் சிறைகளை ஆராய ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன் தலைமையில் அமைந்த அரசுக் குழு இன்னும் ஒரு படி மேலே போய், தனிமையில் உட்கார்ந்தால் கைதி தன் தவறுகளை எண்ணி மனம் திருந்துவான் என்ற வாதத்தையே ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டு, 1896-ல், அதே பேரரசின் இன்னொரு மூலையில், போர்ட் பிளேரில் செல்லுலார் சிறைக்கு வேலை தொடங்கியது.

லயால், லெத்பிரிட்ஜ் என்ற இரண்டு அதிகாரிகள் 1890-ல் கொடுத்த அறிக்கைதான் அதன் மூலம். அந்தமான் வாழ்க்கை கைதிகளுக்குப் போதுமான பயத்தைத் தரவில்லை என்பது அவர்கள் புகார். தீவாந்தரம் வருகிறவர்களை முதல் ஆறு மாதம் தனிக்கொட்டடியில் அடைக்க வேண்டும் என்றார்கள். பென்டன்வில் கப்பலுக்கு முன்னால் இருந்த வாசல். இங்கே கப்பலை விட்டு இறங்கியதும் வாசல். திருத்துவது என்ற பேச்சு அறிக்கையில் பெரிதாக இல்லை. பயமுறுத்துவதுதான் நோக்கம்.

1906-ல் முடிந்த அந்தக் கட்டடத்தில் நடுவே ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு பிரிவுகள், மூன்று மாடி, ஏறத்தாழ 700 கொட்டடிகள். பர்மாவிலிருந்து செங்கல். கொட்டடி ஏறக்குறைய 13 அடிக்கு 7 அடி. பென்டன்வில் அளவை நெருங்கி வருகிறது. ஆனால் வெப்பமண்டலத்தில் சூடாக்கிய காற்றும் மூடிய கூடமும் வேலைக்கு ஆகாது. ஆகவே கூடத்தைப் பிளந்துவிட்டார்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு வரிசைக் கொட்டடிதான். முன்னால் இரும்புக் கம்பிக் கதவும் திறந்த தாழ்வாரமும், பின்சுவரில் எட்டாத உயரத்தில் ஒரு துவாரம். கம்பிக் கதவு என்றால் எதிரே இருப்பவனைப் பார்க்கலாமே என்ற சிக்கலுக்கு, ஒரு பிரிவின் முகப்பு அடுத்த பிரிவின் முதுகைப் பார்க்கும்படி எல்லாவற்றையும் திருப்பிவைத்தார்கள். கைதி தாழ்வாரத்துக்கு வந்தாலும் அவனுக்கு முன்னால் வெறும் பின்சுவர்தான். லண்டனில் 18 மாத வேலைக்காகச் செருப்புத் தைக்கும் கருவி இருந்த இடத்தில், இங்கே தேங்காய் நார் அடிப்பதும் செக்கிழுப்பதும் வந்தன.